ஃபிரிகிடுஸ் ஆற்றுப் போரில் தியோடோசியுஸுக்கு வெற்றி தந்தது காற்றுதானா?

வைகைக்கரையான் (கேள்வி):

பிற்கால ரோமப் பேரரசின் வரலாற்றைச் சில மாதங்களாக ஓரளவு முறையாகப் படித்து வருகிறேன். கி.பி. 394 செப்டம்பர் 5, 6 ஆகிய இரு நாள்களில், இன்றைய ஸ்லோவேனியாவின் மேற்குப் பகுதியில், ஃபிரிகிடுஸ் என்னும் ஆற்றையொட்டி நடந்த போருக்கு வந்ததும் நின்றுவிட்டேன். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

பின்னணியாக நான் புரிந்துகொண்டது இது. மேற்குப் பகுதியின் இளம் பேரரசர் இரண்டாம் வாலன்டினியன், 392 மே 15 அன்று, இன்றைய பிரான்சிலுள்ள வியன் நகரில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார். அவருக்கு வயது 21. அது தற்கொலையா, அவரைப் பெயருக்கு அரசராக வைத்துவிட்டு உண்மையில் ஆட்சியை நடத்திவந்த ஃபிராங்கிய இனத் தளபதி ஆர்போகாஸ்ட் செய்வித்த கொலையா என்பதில் அன்றே இருவிதப் பேச்சு இருந்தது. பிறப்பால் ஃபிராங்கியர் என்பதால் தாமே அரியணை ஏற இயலாத ஆர்போகாஸ்ட், மூன்று மாதம் காத்திருந்து, ஆகஸ்ட் 22 அன்று யூஜீனியுஸைப் பேரரசராக்கினார். முன்பு இலக்கணமும் சொற்கலையும் கற்பித்த இவர், அப்போது அரண்மனைச் செயலகத்தில் அலுவலராக இருந்தார். கிழக்கே கான்ஸ்டான்டினோபிளிலிருந்து ஆண்ட தியோடோசியுஸ் இதை ஏற்கவில்லை. 393 ஜனவரியில், எட்டு வயதே ஆகியிருந்த தம் இளைய மகன் ஹோனோரியுஸுக்குப் பேரரசர் பட்டம் சூட்டினார். மேற்குக்கு உரியவர் யார் என்பதை அதன் மூலம் சொல்லிவிட்டார். மறு ஆண்டு படையுடன் புறப்பட்டார்.

என் ஐயம் போரைப் பற்றியது. முதல் நாள் மாலையில் தியோடோசியுஸ் ஏறக்குறையத் தோற்றுவிட்டார் என்றும், அவர் இரவெல்லாம் அழுது தொழுதார் என்றும், மறுநாள் மலையிலிருந்து எழுந்த பெருங்காற்று எதிரிகளின் கேடயங்களைப் பறித்து, அவர்கள் எறிந்த ஈட்டிகளை அவர்கள் மேலேயே திருப்பிவிட்டது என்றும் நான் படித்த நூல்கள் எல்லாம் ஒரே குரலில் கூறுகின்றன. பேரரசின் தலையெழுத்தை ஒரு காற்று மாற்றியது என்று நம்ப மனம் தயங்குகிறது. காற்று உண்மையா? உண்மையென்றால் அதுவே போரைத் தீர்மானித்ததா? பழைய தெய்வங்களை வணங்கியோர் கிறித்தவத்தை எதிர்த்து நடத்திய கடைசிப் போர் இது என்று சிலர் எழுதுவதையும் எந்த அளவுக்கு ஏற்கலாம்?

கரடுமலை:

நூலறிவில் உங்களைவிடக் குறைந்தவன் நான். ஆனாலும் அந்தக் காற்றை உடம்பால் அறிந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். பணி நிமித்தம் இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரில் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தேன். போர் நடந்த விப்பாவா பள்ளத்தாக்கு அங்கிருந்து வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய தொலைவில் இருக்கிறது.

அந்தக் காற்றை இத்தாலியர் போரா என்றும் ஸ்லோவேனியர் புர்யா என்றும் அழைக்கின்றனர். வடகிழக்கே உயர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலத்தில் தேங்கும் கனத்த குளிர்காற்று, அட்ரியாட்டிக் கடலோரத்தின் வெதுவெதுப்பான காற்றை நோக்கி மலைச்சரிவு வழியே சரிந்து விழுகிறது. அருவி விழுவதைப் போலத்தான் அது விழும். சீராக வீசாமல் விட்டுவிட்டு அறையும். மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும் வீச்சுகள் அங்கே புதியவை அல்ல. ட்ரியெஸ்தே வீதிகளில் மக்கள் பிடித்துக்கொண்டு நடப்பதற்காக ஒரு காலத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். விப்பாவா பள்ளத்தாக்கின் பழைய வீடுகளில் கூரை ஓடுகளின் மேல் கற்களை வரிசையாக அடுக்கியிருப்பதை இன்றும் பார்க்கலாம். காற்று மிகும் நாள்களில் அங்குள்ள விரைவுச் சாலையில் தார்ப்பாய் போட்ட சரக்கு லாரிகளை விடுவதில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அந்தச் சாலையில் லாரி கவிழ்வது பேச்சுக்காகச் சொல்வதன்று.

இனி நிலத்தைப் பாருங்கள். எமோனா எனப்பட்ட இன்றைய லியூப்லியானாவிலிருந்து இத்தாலியின் வடகிழக்கிலுள்ள ஆக்குவிலேயா நகருக்குச் செல்லும் ரோமப் பெருவழி, ஏறத்தாழ 860 மீட்டர் உயரமுள்ள ஒரு கணவாயைக் கடந்தது. கணவாயின் உச்சியில் ‘பேரிமரத்தடி’ என்று பொருள்படும் ஆத் பீரும் என்ற கோட்டை இருந்தது. அவ்விடத்தின் இன்றைய பெயரான ஹ்ருஷிட்சாவும் பேரிக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்தே வந்தது என்பதை அங்கே ஒருவர் சொல்லக் கேட்டபோது, 1,600 ஆண்டுகளாக ஒரு மரத்தின் நினைவு மொழி மாறியும் அழியாமல் நிற்கிறதே என்று வியந்தேன். இத்தாலிக்குள் கிழக்கிலிருந்து எவரும் நுழையாதபடி இந்த மலைப்பகுதியெங்கும் தடுப்புச் சுவர்களும் காவற்கோபுரங்களும் கட்டப்பட்டிருந்தன. அந்தத் தொடருக்கு இலத்தீனில் கிளவுஸ்திரா, அதாவது தாழ்கள், என்று பெயர். கணவாயைக் கடந்து மேற்கே இறங்கினால் இன்றைய ஐடோவ்ஷினா ஊர் வருகிறது. அங்கிருந்த ரோமக் கோட்டையின் மதிலும் கோபுரங்களும் இப்போதும் ஊருக்கு நடுவே ஓரளவு நிற்கின்றன. ஃபிரிகிடுஸ் என்றால் குளிர்ந்தது என்று பொருள். அது விப்பாவா ஆறுதான் என்பர் பலர்; ஐடோவ்ஷினாவில் பாறைக்கடியிலிருந்து பீறிட்டு வரும் ஹுபெல் என்ற கிளையாறு என்பர் வேறு சிலர். இரண்டிலும் கை வைத்துப் பார்த்தேன். இரண்டுமே அந்தப் பெயருக்குத் தகுதியுடையவை.

ஆக, தியோடோசியுஸின் படை கிழக்கிலிருந்து மலையிறங்கி வந்தது. யூஜீனியுஸும் ஆர்போகாஸ்டும் கீழே சமவெளியில் கிழக்கு நோக்கி அணிவகுத்து நின்றனர். அன்று போரா வீசியிருந்தால், அது ஒரு தரப்பாருக்கு முதுகிலும் மறு தரப்பாருக்கு முகத்திலும் அடித்திருக்கும். குளிர்காலத்தில்தான் அது அடிக்கடி வரும் என்றாலும், செப்டம்பர் தொடக்கத்தில் வருவது நடக்காத ஒன்றன்று. எனவே காற்றைக் கட்டுக்கதை என்று ஒதுக்க என்னால் முடியாது.

ஏட்டுப்பூச்சி:

கரடுமலை அவர்களின் குறிப்பு மிகவும் பயனுள்ளது. ஆனால் அங்கே அப்படி ஒரு காற்று வீசும் என்பதும், அன்று அது வீசியது என்பதும், அதுவே போரை வென்றது என்பதும் மூன்று தனித்தனிச் செய்திகள். முதலாவதற்குக் கூரைமேல் கல் சாட்சி. மற்ற இரண்டுக்கும் யார், எப்போது, யார் முன்னிலையில் சொன்னார்கள் என்பதைக் கால வரிசையில் பார்க்க வேண்டும். எல்லா நூல்களும் ஒரே குரலில் பேசுகின்றன என்று நீங்கள் சொன்னீர்களே, அந்தக் குரல் எப்படி உருவாயிற்று என்பதிலேயே உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இருக்கிறது.

முதலில் பேசுபவர் மிலான் ஆயர் அம்புரோசியார். யூஜீனியுஸ் இத்தாலிக்குள் வந்தபோது அவரைச் சந்திக்க விரும்பாமல் நகரைவிட்டு வெளியேறியவர், போர் முடிவதற்குள் திரும்பிவிட்டார். திருப்பாடல் விளக்கம் ஒன்றில், காற்று எதிரிகளின் கையிலிருந்த கேடயங்களைப் பிடுங்கியதையும் எறிபடைகளைத் திருப்பியதையும் அவர் குறிப்பிடுகிறார்; போர் முடிந்து நெடுங்காலம் ஆகாத நிலையில் எழுந்த பேச்சு அது. ஆனால் 395 பிப்ரவரி 25 அன்று, இறந்துபோன தியோடோசியுஸுக்காக அவர் ஆற்றிய நீண்ட இரங்கலுரையில், போரின் உச்சக் கணமாக அவர் காட்டுவது வேறொரு காட்சி. குறுகிய வழியிலும் சுமைகளின் நெருக்கடியிலும் படை இறங்கத் தாமதமாகி, எதிரி அதைப் பயன்படுத்திக்கொள்வான் போலிருந்த வேளையில், பேரரசர் குதிரையிலிருந்து குதித்துத் தனியாளாக அணிக்கு முன்னே நடந்து, “தியோடோசியுஸின் கடவுள் எங்கே?” என்று முழங்கினாராம். அந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்தப் படையினரும் இருந்தனர் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்தவர் கவிஞர் கிளாடியன். 396 ஜனவரியில், ஹோனோரியுஸ் மூன்றாம் முறையாகக் கான்சல் என்னும் ரோமின் உயர் ஆண்டுப்பதவி ஏற்ற விழாவில் பாடிய புகழ்ப்பாவில் காற்றைத் தேரேற்றி நகர்வலம் வரச் செய்தவர் இவர்தான். காற்றுக்கிறைவனான ஏயோலஸ் தன் குகைகளிலிருந்து ஆயுதம் தரித்த புயல்களைத் திறந்துவிடுகிறான், வானமே உனக்காகப் போர் புரிகிறது, எக்காளம் கேட்டுக் காற்றுகள் கூட்டாக அணிவகுத்து வருகின்றன என்று பாடுகிறார். யாரை நோக்கி? களத்தில் இருந்த தந்தையை நோக்கி அல்ல. போர் நடந்தபோது பத்து வயதுகூட நிரம்பாமல் தலைநகரில் இருந்த மகனை நோக்கி. புலவன் பரிசிலுக்குப் பாடும்போது வெற்றி யார் பேரில் எழுதப்படும் என்பது நமக்குத் தெரியாத ஒன்றல்லவே.

கிளாடியன் கிறித்தவர் அல்லர் என்று, வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தினாரே எழுதுகிறார். அவர் ஏறத்தாழ 415-இல் எழுதிய ஒரு பகுதியில் இந்த அடிகளை மேற்கோளாக எடுத்தாள்கிறார். ஆனால் ஏயோலஸ் வரும் பகுதியை விட்டுவிடுகிறார். பாட்டு தியோடோசியுஸைப் புகழ்ந்தது என்கிறார். பழைய தெய்வம் நீங்கியதும், காற்று ஒரே கடவுள் அனுப்பியதாகிவிட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எழுதிய கிறித்தவ வரலாற்றாசிரியர் ஒரோசியுஸும் இதே வெட்டிய வடிவத்தைத்தான் தருகிறார். அகுஸ்தினாரிடம் ஒரு தனிச்சிறப்பு உண்டு: கையில் பிடித்திருந்த ஈட்டிகளைக் காற்று பறித்தது என்று போரில் இருந்த வீரர்களே தம்மிடம் சொன்னதாக அவர் எழுதுகிறார். அதை இலேசாகத் தள்ள முடியாது. ஆயினும் அந்த வீரர்கள் இருபதாண்டுகளாக அந்தப் பாட்டையும் பேச்சையும் கேட்டு வாழ்ந்தவர்கள்.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். பழைய சமயத்தைச் சேர்ந்தவரும் தியோடோசியுஸைப் பிடிக்காதவருமான சோசிமுஸ், தமக்கு முந்தைய யூனாப்பியுஸின் நூலைத் தழுவி எழுதியவர். அவரிடம் காற்றே இல்லை. அவர் தருவது வேறு: முதல் நாள் போரின்போது பகலே இரவானது போல் சூரிய கிரகணம் ஏற்பட்டது என்றும், பெருத்த உயிர்ச்சேதத்துக்குப் பின் இரவு வந்தது என்றும், வென்றுவிட்டதாக எண்ணிய யூஜீனியுஸ் வீரர்களுக்குப் பரிசளித்து உண்ணவும் உறங்கவும் விட்டார் என்றும், விடியுமுன் தியோடோசியுஸ் படை முழுவதையும் திரட்டிவந்து படுத்துக்கிடந்தவர்களை வெட்டிச் சாய்த்தார் என்றும் எழுதுகிறார். கிரகணம் தவறு, அந்த நாள்களில் அங்கே சூரிய கிரகணம் ஏதும் நிகழவில்லை என்பதை வானியல் கணக்கு காட்டுகிறது. கிரகணத்தில் தவறியவர் விடியற்காலைத் தாக்குதலிலும் தவறினார் என்று சொல்ல முடியாது. வெற்றியைக் கடவுளிடமிருந்து பறித்து நித்திரையின் கணக்கில் எழுதுவதில் அவருக்கும் ஓர் ஆதாயம் உண்டு என்பதை மட்டும் மனத்தில் கொள்ளலாம்.

காற்றை ஐயுறும் ஆய்வாளர்கள் மற்றொன்றையும் சுட்டுகின்றனர். கி.மு. 216-இல் கன்னேயில் ஹானிபாலிடம் ரோமர் தோற்றபோதும், வொல்துர்னுஸ் என்ற காற்று ரோமரின் முகத்தில் புழுதியை வாரி இறைத்தது என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். படித்த ரோமர் எவருக்கும் அது பாடமாக இருந்த செய்தி. எனவே எதிரியின் முகத்தில் அடிக்கும் காற்று ஒரு போர்ப் பாட்டின் வழக்கமான உறுப்பு. நம் பரணிகளில் பேய்கள் கூழ் அடுவதைப் போல அது இல்லாமல் பாட்டு நிறையாது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். காற்று அன்று வீசியிருக்கலாம். ஆனால் வெற்றியை விளக்குவதற்கு அது தேவையில்லை. தேவையானது அந்த இரவில் நடந்த வேறொரு பேரம். தியோடோசியுஸின் பின்புறத்தை அடைப்பதற்காக ஆர்போகாஸ்ட் மலை மேல் ஒரு படையை நிறுத்தியிருந்தார். அதன் தலைவரான ஆர்பிட்டியோ பேரரசர் பக்கம் சேர்ந்துவிட்டதாக ஒரோசியுஸ் எழுதுகிறார். அதே நிகழ்ச்சியைத் திருச்சபை வரலாற்றாசிரியர் சோசொமென் இன்னும் நயமாகத் தருகிறார்: தகுந்த பதவிகள் தந்தால் உம் பக்கம் வருகிறோம் என்று மலைமேல் நின்றவர்கள் தூது அனுப்பினார்களாம், எழுதித் தரத் தாளும் மையும் கிடைக்காமல், அருகிலிருந்த ஒருவரிடம் இருந்த எழுதுபலகையை வாங்கி, அதில் ஒவ்வொருவருக்கும் இன்ன பதவி என்று தியோடோசியுஸ் எழுதிக் கொடுத்தாராம். தொழுத கதையை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், பலகையை மறந்துவிட்டார்கள்.

கரடுமலை:

ஏட்டுப்பூச்சி ஐயா அடுக்கிய வரிசையைக் கண்டு என் உறுதி சற்றுத் தளர்ந்தது உண்மை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். அம்புரோசியார் காற்றைப் பற்றிப் பேசியது கிளாடியன் பாடுவதற்கு முன்பே என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். களத்தில் நின்றவர்கள் மிலானில் உலவிக்கொண்டிருந்தபோது, வீசாத காற்றை வீசியதாக ஓர் ஆயர் சொல்லத் துணிவாரா? மேலும் விடியற்காலைத் தாக்குதலும் காற்றும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. அரைத் தூக்கத்தில் ஆயுதம் எடுத்து ஓடிவருபவன் முகத்தில் போரா அடித்தால் என்னவாகும் என்பதை, ஒரு சனவரி காலையில் குடையைப் பறிகொடுத்து நின்ற நான் ஊகிக்க முடியும்.

ஏட்டுப்பூச்சி:

தங்கள் மறுப்பு நியாயமானது; குடைக்கு என் இரங்கல். காற்று வீசியது என்று கொள்வதில் எனக்குத் தடையில்லை. அதை வெற்றியின் முதற்காரணம் ஆக்குவதைத்தான் மறுக்கிறேன்.

பழங்காசு:

சமயப்போர் என்ற கூற்றைப் பற்றி மட்டும் சில வரிகள். நான் பிற்கால ரோமக் காசுகளைப் படிப்பவன்.

யூஜீனியுஸ் பெயரில் திரியர், லியோன், மிலான் ஆகிய அக்கசாலைகள் பொன்னும் வெள்ளியும் அடித்தன. தலைப்பக்கத்தில் தாடியுடன் காணப்படுகிறார். மழித்த முகமே வழக்கமாக இருந்த காலத்தில் அது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். பின்பக்கத்தில் ஜூப்பிட்டரோ ஹெர்க்குலிஸோ இல்லை. அவருக்கு முந்தைய கிறித்தவப் பேரரசர்கள் வழங்கிய அதே உருவங்களே, அரியணையில் அமர்ந்த ரோமா முதலியவை, மாறாமல் தொடர்கின்றன. பழைய தெய்வங்களை மீட்க எழுந்த அரசு ஒன்று, மக்கள் கையில் நாள்தோறும் புழங்கும் காசில் அதைச் சொல்லாமல் விடுமா?

யூஜீனியுஸ் கிறித்தவர். ஆர்போகாஸ்ட் பழைய சமயத்தவர். அவர்கள் பக்கம் சேர்ந்த ரோமச் செனட்டர் நிக்கோமாக்குஸ் ஃபிளாவியானுஸ் பழைய சமயத்தில் உண்மையான பற்றுடையவர். போரில் தோற்றதும் தற்கொலை செய்துகொண்டார். கோயில்களுக்கு உரிய வருமானத்தைத் திருப்பித் தரும்படி செனட்டர்கள் தூது வந்தபோது யூஜீனியுஸ் இருமுறை மறுத்தார். பிறகு கோயிலுக்கு என்று தராமல், கேட்டவர்களுக்குத் தனிப்பட்ட பரிசாகத் தந்து ஒப்பேற்றினார். அம்புரோசியாரின் கண்டனக் கடிதம் இதைப் பற்றியதே. இப்படி நடுவில் நின்று சமாளித்த ஒருவரைச் சமயப் போராளி என்பது பொருந்தவில்லை. எதிர்த்தரப்பிலும் இதே கலவைதான்: தியோடோசியுஸின் படைத்தலைவர்களுள் ஒருவரான சாவுல் கிறித்தவர் அல்லர், கோத்தியர்களோ பேரரசரின் திருச்சபை ஏற்காத ஆரியுஸ் கொள்கையினர்.

மலைமேல் ஜூப்பிட்டர் சிலைகளை நிறுத்தியிருந்தார்கள் என்று அகுஸ்தினார் எழுதுவது உண்மையாக இருக்கலாம். அந்தச் சிலைகளின் கையிலிருந்த பொன் இடியேறுகளைப் பார்த்து, இப்படிப்பட்ட இடி எங்கள்மேல் விழட்டுமே என்று தூதோடிகள் வேடிக்கையாகச் சொல்ல, தியோடோசியுஸ் சிரித்துக்கொண்டே அவற்றை அவர்களுக்கே கொடுத்துவிட்டாராம். ஆனால் சிலை வைத்தது ஃபிளாவியானுஸ் போன்றோரின் பக்தியாக இருந்திருக்கலாம். அது போரின் காரணம் ஆகாது.

இதைவிட உறுதியான சான்று பின்னால் வருகிறது. 431-இல், ரோமில் திராயன் மன்றத்தில், ஃபிளாவியானுஸின் சிலையை மீண்டும் நிறுவி, அவர் புகழை மீட்கும் கல்வெட்டை வெட்டினார்கள். அதில் பொறித்த அரசாணையை அனுப்பிய பேரரசர்கள் இரண்டாம் தியோடோசியுஸும் மூன்றாம் வாலன்டினியனும். இருவரும் ஃபிரிகிடுஸில் வென்ற தியோடோசியுஸின் பேரர்கள். கிறித்துவை எதிர்த்துப் போரிட்டவராக அவரை அந்தக் குடும்பம் கருதியிருந்தால் அந்தக் கல் எழுந்திருக்காது.

வைகைக்கரையான்:

மூவருக்கும் மிக்க நன்றி. என் மனத்தில் இருந்த படம் பெரிதும் மாறிவிட்டது. இரண்டு துணைக்கேள்விகள். சமயப்போர் என்ற வடிவத்தை இந்தப் போருக்கு முதலில் தந்தவர் யார்? முதல் நாள் இறந்தவர்களில் பெரும்பாலோர் கோத்தியர் என்று படித்தேன்; அவர்களை வேண்டுமென்றே பலிகொடுத்தார்கள் என்பது சரியா?

ஏட்டுப்பூச்சி:

இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

382-இல் செய்த உடன்படிக்கையின்படி தன்யூபின் தென்கரையில் குடியமர்ந்த கோத்தியர், அழைக்கும்போது படை தர வேண்டும். 394-இல் வந்தவர்கள் இருபதாயிரத்துக்கு மேல் என்று கோத்தியர் வரலாற்றை எழுதிய யோர்டானெஸ் கூறுகிறார். அவர் நூற்றைம்பது ஆண்டு பிந்தியவர் என்பதால் எண்ணைத் தளர்வாகவே பிடிக்க வேண்டும். கணவாயிலிருந்து இறங்கியதும் இவர்களைத்தான் முன்வரிசையில் விட்டார்கள். கிறித்தவரான ரூஃபினுஸ், பழைய சமயத்தவரான சோசிமுஸ் ஆகிய இரு தரப்பாரும் இதில் உடன்படுகின்றனர். வாய்க்குறுகிய வழியில் இருந்து பிரிந்து பிரிந்து வெளிவரும் படையை, அணிவகுத்துக் காத்திருக்கும் படை எதிர்கொண்டால் என்ன நடக்குமோ அது நடந்தது. காக்கேசியாவின் ஐபீரிய நாட்டைச் சேர்ந்த பாக்குரியுஸ் என்ற தளபதி இவர்களை மீட்கப் பாய்ந்து சென்று மாண்டார். பத்தாயிரம் கோத்தியர் இறந்தனர் என்கிறார் ஒரோசியுஸ். அத்துடன் நிற்கவில்லை, அவர்களை இழந்தது ஆதாயம், அவர்கள் தோற்றது ஒரு வெற்றி என்றும் சேர்க்கிறார். வேண்டுமென்றே பலிகொடுத்தார்கள் என்ற எண்ணம் பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து எழுந்தது. இது 417 வாக்கில், ரோம நகரைக் கோத்தியர் சூறையாடிய பின்பு எழுதியது; அந்தக் கசப்பை 394-க்கு ஏற்றிப் பார்ப்பது முறையாகாது. கையில் இருந்த சிறந்த தாக்குபடையை முன்னே விட்டார் என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆயினும் உயிர் பிழைத்த கோத்தியர் அப்படிக் கருதினார்களா என்பது வேறு.

மறுநாள் முடிவு விரைந்து வந்தது. யூஜீனியுஸைப் பிடித்துக் கொண்டுவந்து தலையை வெட்டி, அதைக் கம்பில் குத்தி அவருடைய வீரர்களுக்குக் காட்டினார்கள். அவர்கள் அங்கேயே படைக்கலத்தைக் கீழே போட்டனர். ஆர்போகாஸ்ட் மலைகளில் அலைந்து இரண்டு நாள் கழித்துத் தம் வாளாலேயே மடிந்தார். தியோடோசியுஸ் மிலானுக்குச் சென்று, சரணடைந்தவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். நான்கு மாதம்தான், 395 ஜனவரி 17 அன்று நோயால் இறந்தார். கிழக்கு ஆர்காடியுஸுக்கும் மேற்கு ஹோனோரியுஸுக்கும் போயிற்று. இரு படைகளும் அப்போது தளபதி ஸ்டிலிக்கோவின் கையில் இருந்தன.

ரோமர் ரோமரை அழித்துக்கொண்டது இது முதன்முறை அன்று. 351 செப்டம்பர் 28 அன்று, இன்றைய குரோவாசியாவிலுள்ள ஓசியெக் நகரமாகிய மூர்சாவில், இரண்டாம் கான்ஸ்டான்டியுஸும் மக்னென்டியுஸும் மோதியதில் இரு தரப்பிலுமாக 54,000 பேர் இறந்ததாக, மிகப் பிற்காலத்தவரான சோனராஸ் கணக்குத் தருகிறார். அந்த எண்ணை நம்பாவிட்டாலும், எந்த அயற்போருக்கும் போதுமாயிருந்த படைவலிமை அங்கே அழிந்தது என்று, அந்தத் தலைமுறையிலேயே வாழ்ந்த யூத்ரோப்பியுஸ் எழுதியதை நம்பலாம். அந்தப் போரின்போதும் கான்ஸ்டான்டியுஸ் களத்தில் இல்லாமல் தேவாலயத்தில் இருந்ததாகவும், வெற்றிச் செய்தியை வானதூதர் சொன்னதாக அவ்வூர் ஆயர் அவரிடம் அறிவித்ததாகவும் கதை உண்டு. உள்நாட்டுப் போரில் தன் மக்களையே கொன்று வென்றவனுக்கு, வெற்றியை வானத்தின் பேரில் எழுதிவிடுவது வசதி.

இனி முதற்கேள்வி. ஃபிரிகிடுஸுக்குச் சமயப்போர் வடிவத்தை முழுமையாகத் தந்தவர் ஆக்குவிலேயாவின் ரூஃபினுஸ். ஃபிளாவியானுஸ் பலி விலங்கின் ஈரலில் குறி பார்த்து வெற்றி சொன்னது, பேரரசர் உயர்ந்த பாறைமேல் நின்று படைக்கலத்தை எறிந்துவிட்டுக் கடவுளை அழைத்தது, உடனே காற்று எழுந்தது என்று நாடகம் போல் அமைந்திருப்பது இவர் நூலில்தான். பின்வந்த கிரேக்கத் திருச்சபை வரலாற்றாசிரியர்கள் இவர் போட்ட தடத்தில்தான் நடந்தனர். தியோடொரெத் காலத்தில் திருத்தூதர்கள் இருவர் வெள்ளைக் குதிரை ஏறிப் பேரரசரின் கனவிலேயே வந்துவிட்டனர்.

ரூஃபினுஸ் இதை எழுதிய ஊர், போர்க்களத்திலிருந்து 40 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் இருக்கிறது. எழுதிய காலம் 402-ஐ ஒட்டியது. 394-இல் கணவாயைக் கடந்து வந்த கோத்தியத் தலைவர்களில் அலாரிக் என்ற இளைஞரும் இருந்தார். தம் மக்கள் சிந்திய இரத்தத்துக்கு உரிய பதவி கிடைக்கவில்லை என்று, தியோடோசியுஸ் இறந்த ஆண்டிலேயே கிளர்ந்தெழுந்து திரேசையும் கிரேக்கத்தையும் சூறையாடிய அவர், 401 நவம்பரில் ஜூலிய ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கினார். ஏழாண்டுக்கு முன் பேரரசருக்காக வந்த அதே திசைதான். முதலில் அகப்பட்டது ஆக்குவிலேயாப் பகுதி. அஞ்சி ஒடுங்கிய மக்களின் மனத்தை வேறு பக்கம் திருப்ப, யூசேபியுஸின் திருச்சபை வரலாற்றை இலத்தீனில் பெயர்த்துத் தருமாறு ஆயர் குரோமாத்தியுஸ் ரூஃபினுஸைக் கேட்டுக்கொண்டார். அவர் மொழிபெயர்த்ததோடு, தம் பங்காக இரண்டு பகுதிகளைச் சேர்த்து, தியோடோசியுஸின் மரணம் வரை கதையைக் கொண்டுவந்தார். ஃபிரிகிடுஸ் அதில் உச்சக் காட்சி. நூலின் முன்னுரையிலேயே இது எழுதப்பட்ட காரணத்தைக் கூறுகிறார்: அலாரிக்கின் தலைமையில் கோத்தியர் என்னும் கொள்ளைநோய் இத்தாலியின் தாழ்களை உடைத்து உள்ளே பாய்ந்த வேளையாம். அவர் ஆண்ட சொல், கரடுமலை அவர்கள் மேலே குறிப்பிட்ட அதே கிளவுஸ்திரா.